துடக்கும் சுவீடன்காரியும்

எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் எங்கள் வீடு இரண்டுபட்டது. நான் பெரியபிள்ளையாகிவிட்டேன் என்றார்கள். முதல்நாள்வரை என்னைத் திட்டித் தீர்த்த அம்மா கட்டிப்பிடித்து அழுதாள். கனடாவிலிருந்தெல்லாம் வாழ்த்து வந்தது. தங்கச் சங்கிலி வந்தது. கூடவே, துடக்கு, அதாவது தீட்டு, எதையும் தொடாதே என்ற உத்தரவும் வந்தது. இது கொண்டாட்டமா தண்டனையா என்று யாராவது சொல்லியிருந்தால் அதற்கேற்றபடி முகத்தை வைத்துக்கொண்டிருப்பேன்.

உத்தரவு போட்டவர் மாமி, அப்பாவின் அக்கா. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் என் வாயில் ஊற்றுவதற்கென்றே எங்களோடு வந்து தங்கியிருந்தார். சடங்கு வைத்துத் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை நான் வாசல் தாண்டக்கூடாது.

அதற்குள்தான் என் கச்சேரி வந்து தொலைத்தது. இசைப்பள்ளிப் பிள்ளைகள் ஊர்த் தேவாலயத்தில் பியானோ வாசிக்கவேண்டும். குளிர்காலம் முழுவதும் நான் ஒரே உருப்படியைப் பழகியிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவீடன்காரி ஒருத்தி எழுதியது. அவள் பெயர் இன்றும் என் வாயில் ஒழுங்காக நுழையாது.

"அது சேர்ச் தானே மாமி, எங்கடை கோயில் இல்லையே," என்றேன்.

"எந்தச் சாமியெண்டாலும் துடக்கு துடக்குத்தான்."

அந்தத் தேவாலயத்தின் பாதிரியாரே ஒரு பெண்தான். அதை மாமியிடம் சொல்லிப் பார்த்தேன். ஐயோ, சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அறைக்குள் போய் அழுதேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், பியானோ ஆசிரியை சொன்ன கதையை அவள்மேல் கொட்டினேன். அந்தச் சுவீடன்காரிக்குத் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்க ஆசை. பெண்களுக்கு அந்த வேலை கிடையாது என்று சட்டம். அவளும் தகப்பனும் விடாமல் நின்று சட்டத்தையே மாற்றவைத்தார்கள். பிறகு அவள் பேராலயம் ஒன்றில் ஓர்கன் வாசித்தாள், சிம்பொனிகூட எழுதினாள்.

"அவவின்ரை தாய் என்ன செய்தவ?" என்று கேட்டாள் அம்மா.

"தெரியாது. ரீச்சர் தாயைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

அம்மா எழுந்து போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எதற்கு அழுகிறேன், இவள் எதைக் கேட்கிறாள்!

கச்சேரியன்று மாமி குளிக்கப் போன நேரம் பார்த்து, "கெதியாச் சப்பாத்தைப் போடு," என்றாள் அம்மா. காரில் ஏற்றிக்கொண்டு போனாள். தேவாலய வாசலில் என்னை உள்ளே அனுப்பிவிட்டு அவள் வெளியிலேயே நின்றுகொண்டாள்.

வாசித்தேன். நடுவில் ஓரிடத்தில் விரல் தடுக்கியது, எப்படியோ சமாளித்துவிட்டேன். கைதட்டலுக்குத் தலைகுனிந்து நிமிர்ந்தபோது அம்மாவைத் தேடினேன். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் இருந்தார்கள். என் சந்தோஷமெல்லாம் போய்விட்டது.

வெளியே அவள் கார்ப்பக்கம் கண்களை மூடிக் கைகூப்பி நின்றாள். கிட்டப் போனதும் கேட்டது.

"பிள்ளைக்கு ஒண்டும் வரக்கூடாது, பிள்ளையாரே. குற்றமெல்லாம் என்ரை தலையிலை போடு."



"ஏனம்மா உள்ளுக்கு வரேல்லை?"

"பயமாக் கிடந்தது, பிள்ளை."

மாமி சொல்வதெல்லாம் சும்மா கதை என்று தெரிந்துதான் அம்மா என்னைக் கூட்டிவந்தாள் என்று நினைத்திருந்தேன். பார்த்தால், இவள் மாமியைவிட அதிகமாக நம்பியிருக்கிறாள். இவ்வளவு பயந்தவள் பிறகு எதற்காக என்னைக் கூட்டிவந்தாள்? வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். எனக்கு விளங்கவேயில்லை.