காரின் கால்மிதிக்கு அடியில்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டு கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை இருந்தது. புதுக் காருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். அதனால் என் கணவர் பழைய கார் ஒன்றைத் தேடினார். மாமல்லபுரத்தில் கடலோரம் வீடு வைத்திருந்த ஒருவர் தன் காரை விற்கப்போவதாகத் தெரிந்ததும், பழைய வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் விசாரித்தார். டாக்சி ஓட்டுபவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். என் அண்ணன் டயரைப் பார்க்கச் சொன்னார். இரண்டுமே நன்றாக இருந்தன. பெயிண்டும் பளபளத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரே காரைக் கொண்டுவந்தார். ஓட்டிப் பார்க்க எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். கணவர் ஓட்டினார், பக்கத்தில் காரின் சொந்தக்காரர். பின்னால் நானும் எங்கள் சின்ன மகளும். அவள் உட்காரவே இல்லை. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சாலை மோசமானது.

"அம்மா, கீழ காத்து வருது" என்றாள்.

ஜன்னல் காற்று என்று நினைத்தேன். அடுத்த பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது அவள் காலடியில் ரப்பர் கால்மிதி தொய்ந்து இறங்கியது. குனிந்து அதன் ஓரத்தைத் தூக்கினேன். அடியில் தகடு இல்லை. சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. அதற்குள் ரோடு கருப்பாக ஓடிக்கொண்டிருந்தது. விளிம்பில் விரல் பட்டதும் துரு அப்பளமாக நொறுங்கி விழுந்தது.

குழந்தையை இடுப்போடு இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். வெளி ஆண்கள் எதிரில் நான் சத்தமாகப் பேசியதில்லை. அன்று அலறிவிட்டேன்.

"வண்டிய நிறுத்துங்க! கீழ ஒண்ணுமே இல்லீங்க!"

கணவர் இறங்கி வந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. "இன்னாங்க இது?" என்று அந்த மனிதரைக் கேட்டார்.

"கடலோரத்து வண்டி நைனா, உப்புக் காத்து. லைட்டா துரு புடிச்சிகீது. ஒரு தகடு வெச்சி பத்தவெச்சா போதும்."

"கொழந்த அது மேலதாங்க நின்னுகினு வந்துச்சி" என்றார் கணவர்.

அந்த மனிதர் கால்மிதியை இழுத்து ஓட்டையை மூடினார்.

சுற்றிலும் ஆளில்லாத பொட்டல். பஸ் எப்போது வரும் என்று தெரியாது. அதே காரில்தான் திரும்பினோம். கால்களைச் சீட்டின் மேல் மடக்கிக்கொண்டு, மகளை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தேன். ஒவ்வொரு குலுங்கலிலும் சீட்டோடு சேர்ந்து நாங்களும் கீழே போய்விடுவோம் என்று தோன்றியது. "யா அல்லா" என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. வீட்டு வாசலில் இறங்கிய பிறகும் மகளைக் கீழே விடவில்லை.

மறுவருடம் வேறொரு கார் வாங்கினோம். அதற்கு முன் என் கணவர் வெள்ளைச் சட்டையோடு நடுத்தெருவில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கடைத்தெருவே சிரித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பழைய காரை யாருக்கும் விற்காதீர்கள் என்று சொல்ல, அந்த ஞாயிறு கழிந்த சில நாட்களிலேயே அவர் மாமல்லபுரம் போயிருந்தார். அதற்குள் அது கைமாறிவிட்டது. யார் வாங்கினார்கள் என்று சொல்ல அந்த மனிதர் மறுத்துவிட்டார். பல மாதங்கள், அந்த நிறத்தில் ஒரு கார் கடைத்தெருவைக் கடந்தாலே எனக்கு நெஞ்சு திக்கென்னும். பின்சீட்டில் குழந்தை ஏதாவது நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.