துரை வீட்டுத் திரைக்கம்பி

எங்கள் லயத்து வீட்டுக்குக் கதவில்லாமல் போனது ஜப்பான்காரன் வந்த புதிதில். மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடு அது. அங்கே முகாம் போட்ட சிப்பாய்கள் அடுப்பெரிக்க எங்கள் வரிசைக் கதவுகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுற்றிலும் அத்தனை மரம் நிற்க விறகுக்கா பஞ்சம்? கேட்க யாருக்கு வாய் இருந்தது! பிறகு ஒருநாள் சயாமில் ரயில் பாதை போட வேண்டுமென்று அண்ணனை லாரியில் ஏற்றிப் போனார்கள். வீட்டில் அண்ணியும் நானும் மட்டும் மிஞ்சினோம்.

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சேலை. மிகைப்படுத்தவில்லை, கடைகளில் துணி என்ற பேச்சே இல்லாத காலம். ஒருநாள் அண்ணி அதைக் கட்டிக்கொண்டு ரப்பர்ப் பால் வெட்டப் போவாள், மறுநாள் நான் போவேன். வீட்டில் இருப்பவளுக்கு அரிசி மூட்டைச் சாக்கு. உடம்பை அரையும் குறையுமாக மறைக்கும், மறைத்த இடமெல்லாம் அரிக்கும். சேலையைத் துவைக்கிற நாளில் இருவருமே சாக்குக்குள். கதவில்லாத வீட்டில், போகிறவன் வருகிறவன் கண்ணெல்லாம் எங்கள் மேல்தான். மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்போம். எனக்கு அழுகையாக வரும், அண்ணிக்கு ஆத்திரமாக வரும்.

"வாசலுக்கு ஒரு திரை போடணும்டி" என்றாள் ஒருநாள்.

"கட்டிக்கவே துணி இல்ல, வாசலுக்குத் திரையா? நல்ல கதைலா அண்ணி!"

"துணி இருக்கு. துவைக்கிற அன்னிக்கு அந்தச் சேலைதான் திரை. நமக்கு வேண்டியது கம்பி."

கயிறு கட்டிப் பார்த்திருந்தாள். ஈரச் சேலையின் கனத்தில் அது நடுவில் தொய்ந்துபோய், இடுப்புக்கு மேலே எல்லாம் வெளியே தெரிந்தது.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு அவன் பங்களா திறந்து கிடந்தது. நல்ல சாமான்களையெல்லாம் கிராணி வாரிக்கொண்டான். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவன் அவன், துரை போனதும் தானே துரையாகிவிட்டவன். அவன் கழித்துப் போட்டதில் ஆளாளுக்குக் கை வைத்தோம். பின்கட்டு அறையில் திரைக்கம்பிகள் சாய்ந்து நின்றன. துரைசாணிக்கு அவள் ஊரின் பழைய காலத்து மோஸ்தர் மேல் ஆசை போலிருக்கிறது. ஒன்று கறுப்பு இரும்பு, முனையில் ஈட்டி மாதிரி. ஒன்று தடித்த மரம், கடைந்தெடுத்த உருண்டைகளோடு. இன்னொன்று பித்தளை, இரு முனையிலும் தாமரை மொட்டு.

"இரும்பை எடுத்துக்கலாம் அண்ணி, யார் கண்ணையும் உறுத்தாது" என்றேன்.

"துருப்பிடிக்கும்டி. இருக்கிறது ஒரு சேலை, அதுல கறை ஏறிட்டா? மரத்தைச் செல்லு அரிச்சிருக்கு. பித்தளைதான்." மொட்டைத் தடவிப் பார்த்தாள். "அழகாவும் இருக்கு. நம்ம வாசல் அழகா இருந்தா யாருக்கு வயிறு எரியுது?"

எடுத்து வந்ததைவிட மாட்டியதுதான் பெரும்பாடு. சுவரில் பதிக்கும் தாங்கிகளும் திருகாணிகளும் இருந்தன, திருப்புளி இல்லை. பழைய சதுரச் செப்புக் காசின் விளிம்பைத் திருகாணி வெட்டில் வைத்து, உள்ளங்கை சிவக்கத் திருகினாள் அண்ணி. உள்ளே மாட்டினால் துணி காயாது என்று வெளிப்பக்கம், வாசலுக்கு மேலேயே மாட்டினோம். நான் கவிழ்த்த பால்வாளியில் ஏறி மறுமுனையைப் பிடித்தேன். அவள் தள்ளி நின்று கண்ணை இடுக்கினாள்.

"ஏத்து, இன்னும் ஏத்து... ஐயய்யோ, மானத்துக்கே போயிட்டியா? எறக்குடி!"

அப்படியும் முதல் தடவை கோணலாகிவிட்டது. சேலை ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டே போனது. கழற்றி மறுபடி மாட்டினோம். கம்பி எங்கள் வாசலைவிட நீளம், ஒரு மொட்டு பக்கத்து வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

"பாதிக் கம்பி எனக்குத்தான்லா, என் துணியையும் காயப்போடுவேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா வம்புக்கு வந்தாள்.

"துணி இருந்தா போடுங்கக்கா" என்றாள் அண்ணி. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கொஞ்ச நாளில், காலைப் பெரட்டில் எங்களை வரிசையாக நிற்க வைத்து கிராணி சத்தம் போட்டான். பித்தளைச் சாமான் எதுவானாலும் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும், ஜப்பான்காரன் உத்தரவு. அண்ணி கல்யாணத்துக்கு வந்த செம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "தண்ணிய சிரட்டையில குடிச்சுக்கலாம்" என்றாள். கம்பியைப் பற்றி மூச்சு விடவில்லை.

சேலை துவைத்த நாளாகப் பார்த்து கிராணியே வந்துவிட்டான்.

"கம்பியக் கழட்டு."

"சேலை காயலைங்க ஐயா" என்றாள் அண்ணி உள்ளிருந்தபடியே.

"காஞ்சதும் ஆபீசுக்கு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். காய்ந்ததும் அண்ணி சேலையை எடுத்து மறுபடி நனைத்துப் போட்டாள். மறுநாளும் அப்படியே. இருவருமே வேலைக்குப் போகவில்லை. வேலை இல்லாவிட்டால் அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றோம். அன்று மத்தியானம் திரும்ப வந்தான். மண்டையைப் பிளக்கும் வெயில், சேலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வெயில்லயுமா காயலை? என்னை என்ன கேணப்பயன்னு நெனைச்சீங்களா?"

பக்கத்து வீட்டு அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சேலையின் ஓரத்தைக் கையால் பற்றினான். ஈரத் துணி வழியாக அவன் விரல்கள் தெரிந்தன.

"யோவ்!" என்றாள் அண்ணி.

கிராணியை எங்கள் தோட்டத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"இழுய்யா. இழுத்துப் போடு. நாங்க ரெண்டு பேரும் இப்படியே உன் பின்னால ஆபீசுக்கு வர்றோம். கம்பிய நானே தோள்ல தூக்கிட்டு வர்றேன். யார் அவுத்தான்னு எவனாச்சும் கேட்டா உன்னைத்தான் காட்டுவேன்."

விரல்கள் சேலையை விட்டன. சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அண்ணி சாக்கின் முடிச்சை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி, வாசலுக்கு ஒரு காலை எடுத்து வைத்து நின்றிருந்தாள். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை அப்படியே நின்றாள்.

"போயிட்டாரு அண்ணி, கட்டிக்குங்க" என்றேன்.

"போயிட்டான்னு சொல்லுடி."

"போயிட்டான்" என்றேன்.