முந்தானைக்கு இடம்

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ரங்கூனில், பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீடு முழுக்கத் தேக்குப் பலகை. அங்கே இரும்பு அடுப்பு பொருத்த ஒரு மேஸ்திரி வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். புருவம் இரண்டும் தீய்ந்திருந்தன.

அளவுகோலை அவர் தொடவே இல்லை. ஈரத் துண்டைத் தோளிலிருந்து முந்தானைபோல் தொங்கவிட்டுக்கொண்டு, பற்றவைக்காத அடுப்பின் முன்னால் நின்று வெறுங்கையால் சமைக்க ஆரம்பித்தார். குழம்பைக் கிளறினார், பானையை இறக்கினார், சட்டென்று திரும்பினார். திரும்பியது அச்சு அசலாக ஒரு பெண்.

துண்டின் நுனி இரும்பில் உரசியது. அடுப்பைச் சுவரைவிட்டு இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தார்.

"சமையல் நல்லாத் தெரியுமோ, மேஸ்திரி?"

"சோறுகூட வடிக்கத் தெரியாதும்மா. என் சம்சாரம் எப்படித் திரும்புவாளோ, அப்படித் திரும்புறேன். எங்க வீட்டு அடுப்பைச் சுவரை நெருக்கி வெச்சுட்டேன். முந்தானையில தீப் பிடிச்ச அன்னைக்கு அவளுக்குத் திரும்ப இடமில்லாமப் போச்சு."



மறுபடி திரும்பினார். துண்டு எதிலும் படவில்லை. அந்த இடைவெளியைவிட்டு வெளியே வந்து நின்று, "இப்பப் போதுமா?" என்றார்.

போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே, தான் நின்றிருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் காத்திருந்தார். பிறகு தலையாட்டிவிட்டுத் துண்டை மடித்தார்.

அங்கே விறகு அடுக்கலாம் என்று என் கணவர் பலமுறை சொன்னார். நான் விடவில்லை. அந்த வீட்டில் இருந்தவரை, மறுபாதியை அவளுக்கு விட்டு, அதில் பாதி இடத்தில்தான் நின்று சமைத்தேன்.