முழங்கால் உயரத்தில் ஒரு கோடு

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "ரெண்டு கோட்டிங்" வீடு எது என்று கேட்டால் கைக்குழந்தைகூட விரல் நீட்டும். அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். ஒரே கோட்டிங்கோடு விட்டுவிட்டு வந்ததாக அவர் சரித்திரத்தில் கிடையாது. வீட்டுக்காரர் கெஞ்சினாலும் சரி, மிரட்டினாலும் சரி, இரண்டு அடித்த பிறகுதான் ஏணியை மடக்குவார். முதலாவது சுவருக்கு, இரண்டாவது மனசுக்கு என்பது அவர் கொள்கை. பல்லைக்கூட இரண்டு தடவை விளக்குவார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. யாரும் போய்ப் பார்த்ததில்லை.

அவருடைய இன்னொரு சொத்து "காயட்டும்" என்கிற ஒரு வார்த்தை. சுவரைத் தொடலாமா என்றால் காயட்டும். சாப்பிட வாங்களேன் என்றால் காயட்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று வருங்கால மாமனார் கேட்டபோதும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டாராம். மாமனார் முகம் கறுத்துவிட்டது. பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததால் காரியம் கெடவில்லை. அந்தப் பெண்தான் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற வேன்காரம்மா.

சுவரில் கறை இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டில், மனிதர்கள் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் சுவிட்சைச் சுற்றியிருக்கும் கைத்தடங்களை எண்ணிக்கொண்டிருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மடித்த உப்புத்தாள் இருக்கும். சின்ன வயதில் வாத்தியார் கரும்பலகையை அழிக்கச் சொன்னால், பாடம் ஆரம்பித்து பாதி ஆன பிறகும் மூலைகளை அழித்துக்கொண்டே இருப்பாராம். பலகை பளபளத்தது. படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு நாய் வந்த கதை இது.

பிராணிகள் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துக் கூண்டறைக்குப் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாவது கோட்டிங்கை முடித்து, பிரஷ்ஷைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால், ஈரச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு மூக்கு அச்சு. கீழே ஒரு பழுப்பு நாய் நின்றது. மூக்கு நுனியில் இளம்பச்சைப் பெயிண்ட். ஈ வந்து உட்கார்ந்தாலே அதன் ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டுகிற மனிதர் வாயைத் திறந்துவிட்டார். நாய் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு, சொல்லுங்கள் கேட்கிறேன் என்பது போல நின்றது. வந்த வார்த்தை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அந்தச் சாய்வு மரியாதையால் வந்ததல்ல, வியாதியால் வந்தது என்று டாக்டரம்மா விளக்கினார். காதுக்குள் நோய் வந்து தலை அப்படியே நின்றுவிட்டது. நடந்தால் இடப்பக்கமாகவே சாயும். ஒரு கண்ணை எடுத்துத் தைத்தாகிவிட்டது. மற்றக் கண்ணில் பால் ஊற்றியது போல வெள்ளை. வெளிச்சம் வருவதும் போவதும் மட்டும் தெரியும். இதற்கு ஒரு நிரந்தர வீடு தேட வேண்டுமானால், முதலில் யாராவது இரண்டு மாதம் வைத்திருந்து வீட்டுக்குள் வாழப் பழக்க வேண்டும். தானாகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகணும், தானாக வாசலுக்கு வரணும், தானாகப் படுக்கைக்குத் திரும்பணும். இந்த மூன்றும் வந்தால் வீடு. வராவிட்டால் ஆயுசுக்கும் கூண்டு.

"பத்து பேர்கிட்ட கேட்டாச்சு. பாவம்னு சொல்றாங்க, போயிடறாங்க," என்றார் டாக்டரம்மா.

ரெண்டு கோட்டிங்கும் பாவம் என்றுதான் சொன்னார். போகத்தான் இல்லை.

அன்று சாயங்காலம் வேன்காரம்மா வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து பார்த்தார். ஏணிக்குப் பக்கத்தில் புருஷன், புருஷனுக்குப் பக்கத்தில் நாய். இரண்டும் ஒரே மாதிரி முழித்தன.

"பெயிண்ட் அடிக்கப் போனா மிச்ச பெயிண்ட்டைக் கொண்டு வருவாங்க. நீங்க மிச்ச நாயைக் கொண்டு வந்திருக்கீங்க."

"ரெண்டே மாசம். அப்புறம் போயிடும்."

"இதை யாருக்குச் சொல்றீங்க? எனக்கா, உங்களுக்கா?"

வேன்காரம்மா குனிந்து நாயின் தாடையைத் தொட்டார். அது தலையைச் சாய்த்துக்கொண்டு அவரையும் விசாரித்தது. வாதி, பிரதிவாதி இரண்டு பேரையும் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு சொல்லும் போலிருக்கிறது என்றார் அவர். அன்றிலிருந்து அதற்குப் பெயர் ஜட்ஜையா. "ஜட்ஜையா சாப்பிட்டாரா?", "ஜட்ஜையா எந்திரிச்சிட்டாரா?" என்று ஏக மரியாதை. கட்டின புருஷனுக்கு அந்த மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை.

பழக்குகிற வேலையை வேன்காரம்மா எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வண்டிப் பாஷைதான். சமையலறையில் கிண்ணத்தோடு உட்கார்ந்துகொண்டு, வேனைப் பின்னால் எடுக்க வைப்பது போல, "வரட்டும்... வரட்டும்... ரைட்டுல ஒடிச்சு வரட்டும்... போதும்" என்பார். நாலாவது நாள், "போதும்" என்றால் நிற்க வேண்டும் என்று ஜட்ஜையாவுக்குப் புரிந்துவிட்டது. ரைட்டுல ஒடிப்பது மட்டும் கடைசி வரை புரியவில்லை. அதற்கு உலகத்தில் இருப்பதே இடப்பக்கம் ஒன்றுதான். படுக்கைக்கு வலப்பக்கம் நாலடி தள்ளி இருக்கிற கிண்ணத்துக்கு, இடப்பக்கச் சுவரை ஒட்டிக் கூடம், நடை, சமையலறை என்று வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேரும். ஆனால் வந்து சேரும். ஐந்தாவது வாரத்தில் யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தது. அன்று ரெண்டு கோட்டிங் வேலைக்கு அரை மணி தாமதம். தண்ணீர் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சமையலறைக்கு வெளியே ஏணியோடு நின்றிருந்தார்.

ஏழாவது வாரம் டாக்டரம்மா போன் செய்தார். ஜட்ஜையாவைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார், ஓய்வு பெற்ற தபால்காரர், பகலெல்லாம் வீட்டிலேயே இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறேன் என்றார். அந்த மூன்று காரியத்தையும் தன் கண்ணால் பார்த்தால்தான் டாக்டரம்மா ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடுவாராம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் விடிந்தால் வெளியே போகிறவர்கள். நாய் பாதி நாள் தனியாக, மீதி நாள் வேனில் பிள்ளைகளின் பைகளுக்கு நடுவில். அதற்கு ஒரு வீட்டு மனிதர் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். நல்லதுதான் என்றார் ரெண்டு கோட்டிங். நல்லதுதான் என்று இரண்டாவது தடவையும் சொன்னார்.

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

ஏழு வாரமாக ஜட்ஜையா விலாவை உரசி உரசி நடந்ததில், வீட்டைச் சுற்றி முழங்கால் உயரத்தில் பழுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. தினமும் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்தான். ஆனால் இப்போது வெளி ஆள் வருகிறார். ஊருக்கெல்லாம் சுவரைச் சுத்தமாக்குகிறவன் வீட்டில், அதுவும் அந்த நாய் வளர்ந்த வீட்டில், இப்படி ஒரு அழுக்கா? வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டார். ஜட்ஜையா வேனில் போயிருந்தது. சோப்புத் தண்ணீரால் கோட்டைக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நல்ல எனாமல் பெயிண்டாக எடுத்துக் கூடத்துக்கும் நடைக்கும் சமையலறைக்கும் அடித்தார். எத்தனை கோட்டிங் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் ஜட்ஜையா வாசலில் கால் வைத்தது. வைத்த காலை எடுத்துவிட்டது. மறுபடி வைத்து இரண்டடி வந்து, சுவர்ப் பக்கம் மூக்கைக் கொண்டுபோய், தும்மிவிட்டு விலகியது. விலகினால் சுவர் இல்லை. சுவர் இல்லாவிட்டால் அதற்கு ஒரே வழி, இடப்பக்கமாகச் சுற்றுவது. கூடத்தின் நடுவில் நின்ற இடத்திலேயே சுற்றியது. நாற்காலியில் மோதியது. கதவு நிலையில் மோதி, நிலையைப் பார்த்து உறுமியது. கடைசியில் நடுக்கூடத்தில் மூத்திரம் போய்விட்டு, அதற்குப் பக்கத்திலேயே உடம்பைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிட்டது.

"நெடி போனா சரியாயிடும். காயட்டும்," என்றார் அவர்.

ஜன்னல்களைத் திறந்து வைத்தார். சனிக்கிழமை மத்தியானம் வரை சரியாகவில்லை. தலைச் சாய்வு முன்னைவிட அதிகமாகத் தெரிந்தது. கிண்ணத்தை மூக்குக்கு நேரே கொண்டுபோய் வைத்தால்தான் குடித்தது. வேன்காரம்மா சுவரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசினால் விவகாரம் பெரிது என்று அர்த்தம்.

"நான் தினம் போற ரோட்டுல இருக்கற போர்டு, சிக்னல், வேகத்தடை எல்லாத்தையும் ஒரே நாள்ல பேர்த்தெடுத்துட்டா, நான் எப்படிங்க வண்டி ஓட்டுவேன்?"

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது, தான் கழுவி ஊற்றிய சோப்புத் தண்ணீர் ஞாபகம் வந்தது. பழுப்பாக, இரண்டு வாளி.

"அவரு போட்டு வச்ச ரோடு அது. தன் வாசனையாலயே போட்டிருந்தாரு," என்றார் வேன்காரம்மா. பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "அவரு போகக் கூடாதுன்னு வேணும்னே பண்ணினீங்களா?"

"சேச்சே." அவர் சட்டைப் பையிலிருந்த உப்புத்தாளை எடுத்து, பிரித்து, மறுபடி மடித்தார். "வர்றவரு நம்ம சுவத்தைப் பார்த்துட்டு, அவனைக் கொறச்சலா நெனச்சிடக் கூடாதுன்னு நெனச்சேன்."

வேன்காரம்மா எழுந்து போய், வேனில் கிடந்த ஜட்ஜையாவின் போர்வையைக் கொண்டுவந்து புருஷன் மடியில் போட்டார். இரண்டு மாதமாகத் துவைக்காத போர்வை. அதன் மணத்தைப் பற்றி எழுதாமல் விடுவதே நல்லது.

ரெண்டு கோட்டிங் வாசல் பக்கம் மண்டி போட்டார். போர்வையைச் சுருட்டி, பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்த தன் புதுச் சுவரில், முழங்கால் உயரத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தார். கை ஒரு கணம் கூசியது. பிறகு பழகிவிட்டது. வாசலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து நடை, நடையிலிருந்து சமையலறை என்று மண்டியிட்டபடியே இழுத்துக்கொண்டு போனார். கோடு கொஞ்சம்கூட வளையவில்லை. அழுக்கே ஆனாலும் தொழில் தொழில்தானே.

முதல் சுற்று முடிந்ததும் வேன்காரம்மா போதும் என்றார். அவர் கேட்கவில்லை. மறுபடி வாசலுக்குப் போய் மண்டி போட்டார். அழுக்குக்கும் ரெண்டு கோட்டிங். பாதி தூரம் போயிருப்பார், முதுகுக்குப் பின்னால் தரையில் நகம் உரசும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. கையை மட்டும் நிறுத்தாமல் நகர்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் கிட்டே வந்து, குதிகாலில் ஈரமாக மூக்கு பட்டது. சமையலறை வரை இரண்டு பேரும் அப்படியே போனார்கள். மூக்கு குதிகாலை விட்டு சுவருக்குப் போனது, சுவரிலிருந்து கிண்ணத்துக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மாவோடு தபால்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், கணுக்காலில் பழைய பல் தழும்புகள். முப்பது வருஷம் எல்லா நாயும் என்னைத் துரத்துச்சு, துரத்தாத நாய் ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டு வந்தேன் என்றார். சொல்லும்போதே நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பழக்கதோஷம்.

ஜட்ஜையா படுக்கையிலிருந்து எழுந்து, சுவரை ஒட்டி வீட்டைச் சுற்றிக் கிண்ணத்துக்குப் போனது. ரெண்டு கோட்டிங் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிண்ணத்திலிருந்து வாசலுக்கு வந்தது. டாக்டரம்மா தலையை ஆட்டினார். வாசலிலிருந்து படுக்கைக்குத் திரும்பும் வழியில்தான் தபால்காரரின் செருப்பு இருந்தது, அதில் தபால்காரரும் இருந்தார். மோதி நின்றது. அவர் கல்லாகிப் போனார். அது செருப்பை மோந்தது, தழும்புகளை ஒவ்வொன்றாக மோந்தது, தலையைச் சாய்த்து யோசித்தது. பிறகு அவர் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. படுக்கைக்குப் போகவில்லை.

"மூணாவது பாக்கி," என்றார் ரெண்டு கோட்டிங்.

"படுக்கை கிடைச்சிடுச்சே," என்றார் டாக்டரம்மா, பேனாவைத் தேடிக்கொண்டே.

தபால்காரர் காலை அசைக்காமல், குனிந்து சுவரைப் பார்த்தார். புது பெயிண்ட், அதில் ஒரு அழுக்குக் கோடு. என்ன இது என்று கேட்டார். வேன்காரம்மா சொல்லச் சொல்ல, ரெண்டு கோட்டிங் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டு முடித்ததும் தபால்காரர் சொன்னார்:

"தம்பி, என் வீட்டுக்கும் இதே மாதிரி போட்டுக் குடுப்பீங்களா?"

திங்கட்கிழமை ஏணி இல்லாமல், டப்பா இல்லாமல், கக்கத்தில் ஒரு போர்வையோடு, பக்கத்தில் ஜட்ஜையாவோடு ரெண்டு கோட்டிங் வேலைக்குப் போனார். தபால்காரர் வீட்டின் இரண்டு அறையையும் மண்டி போட்டு ஒரு சுற்று வந்தார். பிறகு இன்னொரு சுற்று. முடித்ததும் போர்வையைப் படுக்கையில் விரித்துவிட்டு, ஜட்ஜையாவின் சாய்வுக்கே தன் தலையையும் சாய்த்து அதை ஒரு தடவை பார்த்தார். வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

அது நடந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. அவர் வீட்டுக் கூடத்தில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. விருந்தாளிகள் பார்க்கிறார்கள், பார்க்காத மாதிரி இருக்கிறார்கள். போன வாரம் வேன்காரம்மா, எப்பத்தான் இதுக்கு மேல அடிக்கப்போறீங்க என்று கேட்டார்.

அவர் குனிந்து கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காயட்டும்," என்றார்.