தலைமாட்டு ஜன்னல்

"ஏசி போட்டா ஜன்னல் எதுக்கும்மா? செங்கல் வெச்சு அடச்சுப் பூசிடலாம்" என்றார் மெக்கானிக். தஞ்சாவூரில் நான் சம்பாதித்துக் கட்டிய வீட்டின் படுக்கையறை அது. அவர் காட்டிய ஜன்னல் நான் கேட்டு வைத்த தலைமாட்டு ஜன்னல். பூசிடலாம் என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டது.

என் சின்ன வயதில் பண்ணையாரின் வயலோரத்தில் இருந்தது எங்கள் கூரைவீடு. ஒரே அறை. அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். ஈர விறகின் புகை போக வழியில்லை. எனக்கு மூச்சிரைக்கும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவேன். ஒருநாள் அப்பா கடப்பாரையால் என் தலைமாட்டு மண்சுவரை ஒரு முழம் திறந்து மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டினார். நாற்று நட்ட வயலின் காற்று உள்ளே வந்தது. அன்றுதான் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் பண்ணையின் காரியக்காரர் வந்து நின்றார். குடியிருக்கிறவர்களுக்கே மனையை எழுதித்தரச் சட்டம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம்.

"ஜன்னல் வெச்சா வீடாயிடும்டா. நாளைக்குப் பட்டா கேப்ப. அத அடச்சுடு."

"புள்ளைக்கு மூச்சு முட்டுதுங்க."

"எங்க மாட்டுக்கொட்டாய்ல நல்லாக் காத்து வரும். அங்க கொண்டாந்து போடு."

அப்பாவே சேறு குழைத்தார். கடைசிக் கை சேற்றை அவர் அப்பி முடிக்கும்வரை அந்த ஆள் நகரவில்லை. ஒரு குழந்தை மூச்சுவிடுவதில் யாருடைய நிலம் பறிபோகும்?

மெக்கானிக் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஏசியத் திருப்பி எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றேன். "அது எங்கப்பா வெச்ச ஜன்னல்."