பெட்டியில் தூங்கிய வாட்ச்

முருகேஸ்வரிக்கு நெஞ்சில் கோளாறு என்று சொன்னது டாக்டர் இல்லை, ஒரு வாட்ச். அதை நம்பி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பீர்மேட்டு மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து எடுத்தவளைத் தொழிற்சாலை முற்றம் கூட்ட அனுப்பிவிட்டார்கள்.

தோட்டத்தில் புதிதாக ஒரு ஆரோக்கியத் திட்டம். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போதே ஒவ்வொரு பெண்ணின் மணிக்கட்டிலும் ஒரு வாட்ச் மாட்டுவார்கள். அது நடையையும் நாடித்துடிப்பையும் பதிவு செய்யும். சாயங்காலம் கொழுந்து எடை போட்டதும் கழற்றி வாங்கிப் பெட்டியில் பூட்டுவார்கள். லயத்து வீடுகளுக்குப் போனால் காணாமல் போய்விடுமாம்!

நல அலுவலர் ஜின்சன், வாட்சின் எண்கள் வந்து விழும் போனை முருகேஸ்வரியிடம் திருப்பிக் காட்டினார். சிவப்பு.

"ஓய்வுநேரத் துடிப்பு தொண்ணூத்தாறு, சேச்சி. சும்மா இருக்கும்போதே இவ்வளவு. இனி மலை ஏற வேண்டா."

"நான் எப்ப சார் சும்மா இருந்தேன்?"

"பயப்பட வேண்டா. கீழே நிழல்ல வேலை தந்திருக்கு."

நிழலில் வெறும் நாள்கூலிதான். மகள் யோகப்பிரியாவின் நர்சிங் படிப்பு ஓடுவதே கூடுதல் கொழுந்துக்குக் கிடைக்கும் காசில். போதாததற்குப் பயமும் தொற்றிக்கொண்டது. துடைப்பத்தை நிறுத்தி நிறுத்தி நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள்.

பொறுக்காமல் டிஸ்பென்சரிக்குப் போனாள். நர்ஸ் இருதயம்மாள் அவளைப் பெஞ்சில் படுக்கவைத்து, பேசாமல் கிடக்கச் சொல்லி, வெகுநேரம் கழித்துத்தான் நாடியைப் பிடித்தார்.

"அறுபத்தெட்டு. நல்லாத்தான இருக்க! வாட்ச் ராத்திரி எங்க இருக்கும்?"

"ஆபீஸ் பெட்டியில."

"அப்ப அது பெட்டி தூங்குறதத்தான் பாத்திருக்கு."

ஓய்வுநேரத் துடிப்பு என்றால் தூக்கத்தில், அல்லது விழித்தும் எழாமல் கிடக்கையில் இருப்பது. பகலில் மட்டும் கட்டிய வாட்சுக்கு அது எப்படித் தெரியும்? சரிவேறி மூச்சு வாங்க, சாக்கை இறக்கிவைத்துக் கட்டன்சாயா குடிக்கிற நேரத்தையே ஓய்வென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. காய்ச்சலோ கவலையோ வந்தாலும் எண் ஏறும். ஒருநாள் எண்ணை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. உண்மையான ஓய்விலும் நாள்கணக்கில் உயர்ந்தே நின்றால்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அன்று சாயங்காலம் எடைக் களத்தில் ஜின்சன் கை நீட்டியபோது முருகேஸ்வரி வாட்சைக் கழற்றவில்லை.

"ஒரு வாரம் எங்கிட்ட இருக்கட்டும் சார்."

"கம்பெனி சாதனம், சேச்சி. வீட்டுக்குத் தர ரூல் இல்ல."

"திருடிருவோம்னு பூட்டி வைக்கிறீங்க. நான் தூங்குறத அப்ப யாரு சார் பாத்தா?"

பின்னால் வரிசையில் நின்ற கொழுந்துக்காரி செல்வப்பிரியா விடவில்லை. "சார், நெஞ்சுவலி பெட்டிக்குத்தான். ஜீப்புல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க!"

எடைக் களமே சிரித்தது. பெண்கள் ஒவ்வொருவராகச் சட்டைக்கையை வாட்சின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தார்கள். ஜின்சன் காலிப் பெட்டியோடு நின்றார்.

ஒரு வாரத்தில் போனில் முருகேஸ்வரியின் எண் அறுபத்தாறுக்கு வந்து நின்றது. பச்சை.

"சரிதான் சேச்சி. மேலே எழுதறேன். ஆர்டர் வரட்டும்."

மலையிலிருந்து இறக்கும்போது எந்த ஆர்டரும் வரவில்லை. ஏற மட்டும் ஆர்டர் வேண்டுமாம்.

முருகேஸ்வரி துடைப்பத்தை ஆபீஸ் கதவில் சாய்த்தாள். கொழுந்துச் சாக்கை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். போனைப் பார்த்தபடியே ஜின்சன் பின்னாலிருந்து கத்தினார்: "சேச்சி, நூறு தாண்டுது!"

அவள் திரும்பவில்லை. "ஏறும்போது எண்ணாதீங்க சார். தூங்குனப்புறம் எண்ணுங்க!"