சில்லிட்ட கால்

எனக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கிரிவலப் பௌர்ணமியன்று அந்த வாயும் போதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பிரசவ வார்டில் நான் நர்ஸ். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண் ஒருத்திக்குக் காலையில் குழந்தை பிறந்தது. அதன்பிறகு ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. டாக்டர் போராடி நிறுத்துவதற்குள் நிறைய போய்விட்டது. நெகட்டிவ் குரூப் வேறு. ரத்த வங்கியில் ஒரே ஒரு யூனிட்தான் இருந்தது, அதையும் ஏற்றி முடித்தாயிற்று. பிரஷர் எழுபதுக்கு இறங்கியதும், அதை ஏற்றுகிற மருந்தை, நரம்பில் செலுத்தும் பம்பில் போடச் சொன்னார் டாக்டர். "ரத்தம் வர்ற வரைக்கும் தாங்கிப் புடிக்கத்தான் இது, சிஸ்டர்."

அவள் கணவன் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். வெளியே இருந்தது மாமனார். ஊரெல்லாம் போன் போட்டு, அதே குரூப்காரர்கள் நான்கு பேரை வேனில் வரவழைத்தவர் அவர்தான். அந்த நல்ல மனுஷனிடம் பிரஷர் நூற்றுப்பத்துக்கு ஏறிவிட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது, வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"பிபிதான் நார்மல் ஆயிடுச்சே சிஸ்டர். மாத்திரை போட்டும் எனக்கே இவ்ளோ நல்லா இருக்காது. பாவம், அவங்களுக்கு நடவு வேலை கெடக்குது."

"ஐயா, அது மருந்து காட்டுற நம்பர். கெணத்துல தண்ணி கம்மியா இருந்தாலும் பைப் வாய விரலால அழுத்தினா பீச்சி அடிக்குதில்ல? அப்படித்தான். உள்ள ரத்தம் இல்லீங்க. அவங்கள திரும்ப வரச் சொல்லுங்க."

தலையாட்டினார். போனைத் தொடவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். நர்ஸ் சொல்லும் அப்படித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஆண்கள் நுழையக் கூடாத அந்த வார்டுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். மற்றக் கட்டில்களுக்குத் திரையை இழுத்துவிட்டு, மருமகளின் போர்வையைப் பாதம் மட்டும் தெரிய விலக்கினேன்.

"கால தொட்டுப் பாருங்க."

"மருமவ கால நான் தொடுறதா?"

பொங்கலுக்கு ஊரே காலில் விழுந்து கும்பிடுகிற மனிதர்.

"தொடுங்கய்யா. மரியாதைய அப்புறம் பார்த்துக்கலாம்."

குனிந்து தொட்டார். வெடுக்கென்று கையை எடுத்தார். பிறகு அவராகவே இரண்டு கைகளாலும் அந்தப் பாதத்தைப் பொத்திக்கொண்டார். மானிட்டரில் அப்போதும் நூற்றுப்பத்துதான்.

"ஐஸாட்டம் இருக்குதேம்மா" என்றவர், வெளியே ஓடிப் போனில் கத்தினார். "வேனத் திருப்புங்கடா! போலீஸ் வண்டிய உள்ள விடலன்னா எறங்கி நடந்து வாங்க!"

நடந்தேதான் வந்தார்கள், கிரிவலக் கூட்டத்தை இடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து. நான்கு பேரும் கொடுத்தார்கள். சாயங்காலம் ரத்தம் ஏறத் தொடங்கியது. பம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம்.

எனக்கு மெமோ வந்தது. பிரசவ வார்டுக்குள் ஆண் ஒருவரை அனுமதித்தது ஏன்? மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்றார்கள். "நோயாளியின் கால் சில்லென்று இருந்தது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். இது பதிலே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அதே தாளில் கீழே இன்னொரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்: "மறுநாள் காலை கால் சூடாக இருந்தது."